அத்தையின் சிரிப்பைத் தின்ற பூதம்

உங்களில் யாருக்காவது அந்தத் தொடரின் பெயர் ஞாபகம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நானும் பல வருடமாக மண்டையை உடைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. நமக்கெல்லாம் நாற்பது வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க வாசல் வெளிச்சத்துக்கு ஓடுகிறோம், நாலு படி ஏறினால் முட்டி முனகுகிறது. ஒரு பொம்மைப் படத்தின் பெயர் மறந்ததில் என்ன ஆச்சரியம். ஆனால் படம் மறக்கவில்லை.

இப்போதைய பிள்ளைகள் இதையெல்லாம் அனிமே என்கிறார்கள். கைபேசியில் ஜப்பான் பேச்சிலேயே கேட்கிறார்கள். நமக்கு அது கேபிளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் பொம்மைப் படம். ஜப்பான்காரர் வரைந்த படத்துக்கு யாரோ தமிழ் பேசியிருப்பார்கள். உதடு மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும். நாங்கள் பார்க்கத் தொடங்கியதே பாதிக் கதையிலிருந்துதான், அதனால் முதல் பாகம் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த ஊருக்கு இரண்டு நிலா. தெருவில் மண் கிடையாது, தண்ணீர் ஓடும், தண்ணீருக்குள்ளே விளக்கு எரியும். ஐந்து பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்பில் அந்தத் தெருக்களில் நடப்பார்கள். ஆபத்து வந்தால் ஆளுக்கொரு சிமிழைத் திறப்பார்கள். உள்ளிருந்து நாடா நாடாய் வெளிச்சம் வந்து உடம்பைச் சுற்றும். சுற்றி முடித்தால் ஆளுக்கொரு நிறத்தில் புதுப் பாவாடையும் முழங்கால் வரை பூட்சும் கையில் ஒரு கோலுமாக நிற்பார்கள். தலைமுடிகூட நீண்டிருக்கும். முடி நீள்வதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய மாயமாக இருந்தது.

அந்த ஊர்ப் பூதங்கள் மனிதரைத் தின்பதில்லை. மனிதருடைய உணர்ச்சிகளைத் தின்னும். சிரிப்பை முதலில் தின்னும், அது இனிப்பாம். பிறகு ஆசை, பயம் என்று ஒவ்வொன்றாக. அழுகையைக் கடைசிக்கு வைத்திருக்கும், உப்புக் கரிக்கும் என்பதால். அழுகையும் போய்விட்டால் அந்த ஆள் நடப்பார், சாப்பிடுவார், ஆனால் உள்ளே ஆள் இருக்காது. பூதம் குடியிருப்பது அவருடைய பொருள் ஒன்றுக்குள். அவர் அதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார், பார்க்கிறபோதெல்லாம் ஒரு கடி. அந்தப் பொருளில் எங்கேயாவது பூதத்தின் கண் தெரியும். கண்ணோடு சேர்த்து எரித்தால் தின்றதெல்லாம் திரும்பி வரும். கடைசியில் தின்றது முதலில் வரும். இந்தச் சட்டமெல்லாம் எங்களுக்கு வேதபாடத்தை விட நன்றாகத் தெரியும்.

எங்கள் ஏலக்காடு கேரளத்து மலையில், சாந்தன்பாறைக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறுகிற பாதையில் இருந்தது. லயத்தில், அதாவது தோட்ட முதலாளிகள் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருந்தோம். டிவி இருந்தது கங்காணி வீட்டில் மட்டும். ஆனி பிறந்தால் மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வரும். வந்து டிவிக்கு முன்னால் நிற்கும். கங்காணி வீட்டம்மா விளக்குமாற்றை எடுத்து, கோழியை விரட்டுவதுபோல அதை விரட்டுவார். அது அசையாது. படத்தில் பூதம் வரும்போது திரையில் ஒரு சாம்பல் நிறம் பரவும். எது பூதம், எது எங்கள் ஊர் மேகம் என்று பிரிக்க முடியாது. நனைந்த பாவாடையோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று தடவிக்கொண்டே பார்ப்போம். இன்றைக்கும் ஈரத் துணி வாடை அடித்தால் எனக்கு அந்த இரண்டு நிலாவும் தெரியும்.

நாங்கள் மூன்று பேர். மேல் லயத்து அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, அவள்தான் தலைவி, சிவப்புப் பெண். கங்காணி மகள் மஞ்சள். டிவி அவள் வீட்டுடையது, பொன் நிறத்தை அவள் எடுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. பத்து வயதான எனக்கு மிஞ்சியது ஊதா. கதையில் ஊதாப் பெண் அதிகம் பேசமாட்டாள், ஓரமாக நின்று மற்றவர்கள் மறந்ததை ஞாபகப்படுத்துவாள். எனக்குப் பொருத்தமான வேலைதான்.

ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவார்களே, அதில் கிழிந்ததைப் பொறுக்கி எங்களுக்குப் பாவாடை. உடைந்த குடைக்கம்பியில் கம்பளி நூல் சுற்றினால் கோல். தீர்ந்துபோன பவுடர் டப்பா சிமிழ். என்னுடையதில் வாசனை இன்னும் இருந்தது. திறந்தால் வெளிச்சம் வராது, மல்லிகை வரும். அதை எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை. இருந்திருந்தால் இன்றும் திறந்து பார்ப்பேன், வெட்கம் என்ன.

பூதமும் வேண்டுமே. ஊரில் யார் உம்மென்று இருந்தாலும் சந்தேகப்பட்டோம். ரேஷன் கடைக்காரரை ஒரு வாரம் பின்தொடர்ந்தோம். அவர் பிறந்ததிலிருந்தே சிரித்ததில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். தின்பதற்கே ஒன்றும் இல்லாத இடத்துக்குப் பூதம் வராது என்று அக்கா சொன்னாள்.

அப்போதுதான் எங்கள் வீட்டிலேயே ஒன்று அகப்பட்டது.

என் அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். தாத்தாவும் இல்லை, அப்பாயியும் இல்லை, அப்பாதான் அவளுக்கு எல்லாம். எங்கள் லயத்தில் பிளஸ் டூ முடித்த முதல் பெண் அவள். அவள் சிரிப்பு தகரக் கூரையில் மழை தொடங்குகிற மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு துளி விழும், பிறகு நிறுத்த முடியாது. சோறு வடிக்கும்போது சிரிப்பாள், ஜெபத்தின் நடுவே சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்குவாள். அந்த மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னாள், வேலை செய்தாள். கண் மட்டும் எங்கேயோ இருந்தது.

என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தெரிந்தபோது காலம் கடந்துபோயிருந்தது. அத்தை நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். இடம் கிடைக்கிற மார்க் இருந்தது. ஜாதி சர்ட்டிபிக்கேட் வேண்டும். நாம் தமிழ் பேசுகிறவர்கள், அதனால் இந்த மலைக்கு நம் குடும்பம் எந்தக் காலத்தில் வந்தது என்று காட்டாமல் அதைத் தரமாட்டார்கள். காட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கடுதாசி இருந்தது. தாத்தாவை அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலைக்கு எடுத்தபோது கொடுத்த சீட்டு. தோட்டம் அதற்குப் பிறகு எத்தனையோ கை மாறிவிட்டது, பழைய பதிவு எதுவும் மிஞ்சவில்லை. அத்தை வாரத்துக்கு இரண்டு தடவை ஜீப் பிடித்து வில்லேஜ் ஆபீசுக்குப் போனாள். அபேட்சை, அதாவது மனு, சரியில்லை என்பார்கள், ஆள் லீவு என்பார்கள், திரும்பி வருவாள்.

அப்பாவுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"ஒரு கடுதாசிக்கு எட்டுத் தடவ போவாளா ஒருத்தி? நல்ல சுடிதாரு, குடை, பவுடரு. எவன் அவன்?" என்று அம்மாவிடம் கத்தினார்.

"நீங்க ஒருக்கா கூட வாங்கண்ணே, நீங்களே கேட்டுப் பாருங்க," என்றாள் அத்தை.

"எனக்கு வேற சோலி இல்ல பாரு."

அம்மா வேறு கணக்குப் போட்டார். ஓடைக்குக் கீழே ஒற்றையில் போய் வருகிறாள், என்னவோ பட்டிருக்கிறது. எங்கள் வேதக்கோவில் உபதேசியாரைக் கூப்பிட்டு வீட்டில் ஒரு ஜெபம் வைத்தால் சரியாகும். பயந்தால் நாம் எல்லோருமே கொஞ்சம் பழைய ஆட்கள்தான், ஞாயிற்றுக்கிழமை எங்கே முழங்கால் போட்டாலும்.

மூன்றாவது கட்சி நாங்கள். நான்தான் முதலில் பார்த்தேன். அத்தை ஒரு சிவப்பு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு அதைத் திறப்பாள். நாலாக மடித்த ஒரு கடுதாசியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துப் பிடிப்பாள். உற்று உற்றுப் பார்ப்பாள். துணியால் ஒற்றி, காய்ந்த ஏலக்காய் நாலைந்தோடு திரும்ப உள்ளே வைத்து மூடுவாள். மூடும்போது அவள் முகம் பழைய பாத்திரம் மாதிரி ஆகியிருக்கும்.

இன்று எனக்குத் தெரியும், அவள் பூசணம் பார்த்தாள். எங்கள் மழையில் செருப்பு பூக்கும், பைபிள் அட்டை பூக்கும், சுவரில் மாட்டிய படத்துக்குள் இருக்கிறவர் மூக்கில்கூட பூக்கும். அந்த ஒற்றைக் கடுதாசியை ஈரத்திலிருந்து காப்பாற்றத்தான் தினமும் அடுப்புச் சூட்டில் காட்டினாள். நான் பார்த்ததோ, எடுத்துப் பார்க்கிறாள், வாடுகிறாள், திரும்ப எடுத்துப் பார்க்கிறாள். சட்டப்படி அது பூதம்.

"கண்ணு இருக்கா?" என்று கேட்டாள் மேல் லயத்து அக்கா.

கண் இருந்தது. அத்தை குளிக்கப் போன நேரத்தில் மூன்று பேரும் திறந்து பார்த்தோம். மஞ்சளாகிப்போன தாள். எங்களுக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரியும், அதில் இருந்தது கொக்கி கொக்கியாய் இங்கிலீஷ். கீழே, தாளின் மூலையில், ஊதா நிறத்தில் ஒரு முட்டை வடிவம். அதற்குள் சுழி, சுழிக்குள் சுழி, நடுவில் ஒரு புள்ளி. எங்களையே பார்த்தது.

கங்காணி மகள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கைநாட்டு என்ற ஒன்றை நாங்கள் ரேஷன் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோமே, அது ஏன் அன்று தோன்றவில்லை? தெரியவில்லை. பூதத்தின் கண்ணைத் தேடிப் போனவர்களுக்குப் பூதத்தின் கண்தான் கிடைத்தது.

"சீக்கிரம் செய்யணும். அழுகையும் போயிட்டுன்னா அவ்வளவுதான்," என்றாள் அக்கா. அத்தை கடைசியாக எப்போது அழுதாள் என்று என்னைக் கேட்டார்கள். ஞாபகம் இல்லை. அத்தையின் மடியில்தான் நான் பாதிப் பொழுது வளர்ந்தேன். அவள் உள்ளே இல்லாமல் வெறும் உடம்பாக என் தலையை வாரிவிடுவாள் என்று நினைத்தபோது எனக்கே அழுகை வந்தது. விளையாட்டு அந்த இடத்தில் நின்றுபோனது. அது உங்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நாங்கள் விளையாடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். கதையில் வெளிச்சத்தால் எரிப்பார்கள். எங்களிடம் இருந்த பெரிய வெளிச்சம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் அடுப்புதான். மேகம் அன்று தரைவரை இறங்கியிருந்தது. முன்னால் போகிற அக்காவின் பிளாஸ்டிக் பாவாடை சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஆளைக் காணோம். ஏலச் செடிகள் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்றன. வழி தெரிந்த வழிதான், ஆனாலும் அது எங்கள் வழியாக இல்லை. எந்த நேரமும் காலுக்குக் கீழே தண்ணீரும் தண்ணீருக்குள் விளக்கும் தெரியும் என்று எதிர்பார்த்தேன். கடுதாசி என் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டோம், கண் இருந்தது தாளில்தான்.

ஸ்டோர் மாமா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அடுப்புச் சாம்பலில் கிழங்கு சுட நாங்கள் அடிக்கடி வருவோம்.

"என்னத்தட்டி போடுதிய, சீனிக்கிழங்கா?"

"ஆமா மாமா."

அவர் விறகு எடுக்கத் திரும்பினார். அக்கா கோலை நீட்டிக்கொண்டு, "தின்னதெல்லாம் திருப்பிக் கொடு!" என்றாள். நான் போட்டேன். என் கையால்தான் போட்டேன், அதில் சந்தேகம் வேண்டாம். தாள் உடனே பற்றவில்லை. அத்தை அவ்வளவு சூடு காட்டியும் அதில் ஈரம் மிச்சம் இருந்தது. ஓரம் சுருண்டது, புகைந்தது, எழுத்தெல்லாம் போனது. ஊதாக் கண் மட்டும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்து பிறகு போனது. வெளிச்சம் வெடிக்கும் என்று காத்திருந்தோம். கங்காணி மகள் தும்மினாள். வேறொன்றும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் எங்கள் வீட்டில் ஜெபம். உபதேசியார் பைபிளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார். லயத்து ஜனங்கள் ஈரச் சாக்கை வாசலில் உதறிவிட்டுப் பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அத்தை உள்ளறையில் இருந்தாள். திங்கட்கிழமை அசல் கடுதாசியோடு வரச்சொல்லி வில்லேஜ் ஆபீசில் கடைசியாக ஒரு வாய்தா கொடுத்திருந்தார்களாம். வீடு நிறைய ஆள் வருகிறதே, எடுத்துப் பத்திரப்படுத்துவோம் என்று டப்பாவைத் திறந்திருக்கிறாள். மூடி தரையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எதையெதையோ உதறுகிற சத்தம். அம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் உட்காரவைத்தார்.

பாட்டு முடிந்தது. உபதேசியார் அவள் தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குள் புகுந்திருப்பது எதுவானாலும்," என்று தொடங்கியதுதான் தாமதம், அத்தை வீறிட்டாள். நான் அப்படி ஒரு அழுகையை அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு கையாலும் பாயைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, சிறு பிள்ளை மாதிரி அழுதாள்.

"ஸ்தோத்திரம்!" என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். "விட்டுட்டு, விட்டுட்டு," என்றார் அம்மா. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேல் லயத்து அக்கா என் காதில் சொன்னாள்: "வந்துட்டு பாத்தியா? மொதல்ல அழுகைதான் வரும்."

நான் சிரித்தேன். சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரத்தில் அத்தை தலையைத் தூக்கினாள், அவள் கண் நேராக என் முகத்தில் விழுந்தது. அத்தனை பேர் அழுது துதிக்கிற வீட்டில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான் ஒருத்தி. அவள் என்னையே பார்த்தாள். அழுகை மெல்ல நின்றது.

மறுநாள் கோவிலுக்குப் போகத் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"பிள்ள, டப்பாவுல இருந்த கடுதாசியப் பாத்தியா?"

இதற்குத்தானே காத்திருந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். பூதம், கடி, கண், அடுப்பு எல்லாம். முதுகில் ஓடிய சீப்பு நின்றது.

"அதுல எதுட்டி கண்ணு?"

"கீழ, மூலையில, ஊதாக் கலர்ல. சுழி சுழியா."

சீப்பில் சிக்கிய முடியை உருவினாள். பிறகு, "அது ஒன் தாத்தா கைநாட்டுட்டி," என்றாள்.

"நீ என்னத்துக்கு எரிச்ச?" என்று அவளே கேட்டாள்.

"ஒஞ் சிரிப்ப அது தின்னுட்டு அத்தே. அதத் திருப்பி வாங்கத்தான்."

அத்தை சிரித்தாள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு கொட்டியது. சீப்பைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, ஆனால் அன்று ஜெயித்தது நாங்கள் இல்லை என்று மட்டும் தெரியும்.

பின்னலை இறுக்கி முடிந்துவிட்டுச் சொன்னாள்: "இத வெளிய சொல்லாத. அந்தப் பிள்ளைகளும் வெளிய சொல்லக் கூடாது. சொன்னா மந்திரம் போயிரும்." எனக்கு இது நியாயமாகவே பட்டது. கதையிலும் அப்படித்தான், தாங்கள் யார் என்று அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

அப்பாவிடம், ஜீப்பில் வரும்போது பையிலிருந்து விழுந்துவிட்டது என்றாள். அப்பா லயமே கேட்கக் கத்தினார். கண்டவனோடு சுற்றுகிறவள் கையில் கடுதாசி எப்படித் தங்கும் என்றார். இனிமேல் ஜீப் ஏறினால் காலை ஒடிப்பேன் என்றார். அடுத்த வாரம் அத்தை இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஏலக்காய் எடுக்கப் போனாள். சர்ச்சில் உபதேசியார் அவளைச் சாட்சியாக எழுப்பி நிறுத்தினார். அழுதாள், சிரித்தாள், வேலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள். அப்பா, அம்மா, உபதேசியார், நாங்கள், எல்லோரும் அவளைக் காப்பாற்றிய பெருமையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அவளுக்குத்தான் பங்கு இல்லை. அந்தத் தொடரும் அந்த மழையோடு நின்றுபோனது, கேபிள்காரர் சேனலை மாற்றிவிட்டார்.

வளர வளர எனக்குத் தெரியாமல் இல்லை. அது என்ன கடுதாசி என்று வீட்டில் அவ்வப்போது பேச்சு வரும், நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள ஒரு பிள்ளையால் எட்டு வருடம் முடியும். நீங்களும் ஏதாவது ஒன்றை அப்படி வைத்திருப்பீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள்.

எட்டு வருடம் கழித்து நானும் பிளஸ் டூ முடித்தேன். நானும் நர்சிங்குக்குத்தான் போட்டேன். அதே சர்ட்டிபிக்கேட் வேண்டும், அதே தாத்தா வேண்டும். எரிந்தது என் கடுதாசியும்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அத்தை அதற்குள் கல்யாணமாகிப் பூப்பாறையில் இருந்தாள். அவளுக்கு ஆபீசு வழியெல்லாம் பழக்கம் என்று சொல்லி அப்பா அவளைத்தான் எனக்குத் துணைக்கு அனுப்பினார். மனிதருக்கு அதில் கூச்சமே தோன்றவில்லை.

வில்லேஜ் ஆபீசில் கண்ணாடி போட்ட ஒருவர் என் அபேட்சையைப் புரட்டினார்.

"வல்யப்பன்டெ பழைய கடலாஸ் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார். தாத்தாவின் பழைய கடுதாசி ஏதாவது இருக்கிறதா என்று.

"இருந்துச்சு சாரே," என்றாள் அத்தை. "நாந்தான் தொலச்சிட்டேன். ஜீப்புல வரயில விழுந்துட்டு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவளுக்கு உண்மையாகவே ஆகியிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இல்ல சார். நான் எரிச்சேன்."

அத்தை மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எந்தினா மோளே?" என்றார். எதற்காக. பூதம் என்றா சொல்வது? அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார். தொலைந்தாலும் எரிந்தாலும் ஒன்றுதான், குடும்பத்தைப் பழக்கமுள்ள பழைய ஆட்கள் இரண்டு பேரை அழைத்து வந்து சாட்சி மொழி கொடுக்கச் சொல்லுங்கள், நாங்கள் விசாரித்து எழுதுவோம், நாளாகும், ஆனால் கிடைக்கும் என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார்.

அத்தை அந்த வெள்ளைத் தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அன்றைக்கு அவளிடம் சொல்ல யாரும் இல்லை. அப்பா ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூட வந்து வாய்விட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஒரு வருடம் தள்ளிப்போய்க் கிடைத்தது அவளுக்கும் கிடைத்திருக்கும்.

வெளியே மழை. ஜீப் நிற்கிற இடத்தில் ஒரு கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அன்னைக்கே அப்பாட்ட ஏன் சொல்லல அத்தே?"

"சொன்னா ஒன்ன அடிச்சே கொன்னுருப்பாரு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித்தான் இந்தப் புத்தின்னு ஒன்னயும் காட்டுக்கு ஏத்தி விட்டுருப்பாரு. நான் ஒருத்தி போனது பத்தாதா?" முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. "எனக்குள்ள என்னமோ வந்து புகுந்துட்டுன்னுதான எல்லாரும் தேடுனாக. எங்கிட்ட இருந்து ஒன்னு போயிட்டுன்னு தேடுனது நீங்க மூணு குட்டியதான்."

"அப்ப எம்மேல கோவம் இல்லையா?"

அத்தை ரோட்டைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இருக்கு," என்றாள். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரும். நீ வெள்ள உடுப்பு போட்டு எம்முன்னால வந்து நிக்கயிலயும் வரும். அதுக்கு நான் என்ன செய்ய?"

ஜீப் வந்தது. உள்ளே ஆள் திணித்திருந்தார்கள், ஓரத்தில் ஒரே ஒரு இடம் மிச்சம். அத்தை ஏறி உட்கார்ந்தாள். நான் அடுத்த ஜீப்பில் வருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பதினெட்டு வயதுக் கழுதையை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். பூப்பாறை வரும்வரை இறக்கிவிடவில்லை.